பங்குக் கிணறும் பக்கத்துத் தோட்டமும்

சேலம், நாமக்கல் பக்கம் இரண்டு தோட்டத்துக்காரர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று வரப்பு, இன்னொன்று கிணறு. வரப்புத் தகராறு சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தால் ஒரு மாதிரி தீர்ந்துவிடும். கிணற்றுத் தகராறு அப்படித் தீருவதில்லை. நிலத்துக்கு மேலே எல்லைக்கல் நடலாம். அடியில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே கல் நடுவது?

நம் கல்லூரியில் படித்தவர்களில் பலர் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். ஆகவே இம்மலரில் நம் பகுதிக் கிணறுகளின் வரலாற்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். இது தண்ணீரின் வரலாறு மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்தின் மேல் வைக்கும் ஆசையின் வரலாறும்கூட.

கிணற்றை நம்பிய பூமி

1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டும் ஒரே சேலம் மாவட்டம்தான். மேற்கு ஓரத்தில் காவிரி ஓடுகிறது. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்குத் தேங்கும் 93 டி.எம்.சி. தண்ணீரில் பெரும்பங்கு தஞ்சைப் பக்கம் போவதற்கே. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்காலால் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலையும் வாழையும் விளைகின்றன.

மற்ற ஊர்க்காரர்கள்? ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் என்று எடுத்துக்கொண்டால் அங்கெல்லாம் விவசாயம் என்றாலே கிணறுதான். சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்காவும் திருமணிமுத்தாறும் மழை பெய்தால்தான் ஆறு.

பூமிக்கடியிலும் தஞ்சாவூர் மாதிரி மணல் கிடையாது. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். சிதைந்த பாறையிலும் கருங்கல்லின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வரும் தகராறு எல்லாம் இந்த வெடிப்புகளில்தான் பிறக்கிறது.

கவலை ஓட்டிய காலம்

அந்தக் காலத்தில் கிணற்றின் அளவைக் கவலைக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கவலைக் கிணறு, நாலு கவலைக் கிணறு என்று பேச்சு. இரும்புச் சாலும் அதன் அடியில் தோல் குழாயும் வடத்தில் கட்டியிருக்கும். காளைகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்னோக்கி ஏறினால் கீழே போகும். விடிகாலையில் பூட்டினால் வெயில் ஏறும்போது அவிழ்த்துவிட வேண்டும். மாடு களைத்துவிடும், ஆளும் களைத்துவிடுவான்.

பொறியாளராக யோசித்தால் இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஒரு ஜோடி மாட்டின் திறனை ஏறத்தாழ 1 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் எவனாலும் இறைக்க முடியாது. எவ்வளவு பேராசைக்காரனாக இருந்தாலும் அவன் ஆசைக்கு மாட்டின் மூச்சு ஒரு எல்லை கட்டியிருந்தது. சாயந்திரம் இறைப்பு நின்றால் ராத்திரி ஊற்று சுரந்து, காலையில் கிணறு பழையபடி நிற்கும்.

அடுத்து, பங்கு. கிணறு வெட்டுவது பெரிய செலவு. ஆகையால் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தைப் பிரிப்பார்கள், கிணற்றைப் பொதுவில் வைத்துவிடுவார்கள். எங்கள் குடும்பப் பத்திரத்தில் கிணற்றில் 16ல் 3 பங்கு என்று எழுதியிருக்கிறது. கூடவே மாமூல் வண்டித்தடம், வாய்க்கால், வழிநடைப் பாத்தியம் எல்லாம் உண்டு. 16ல் 3 என்றால் 16 நாளில் 3 நாள் முறை. எங்கள் அப்பாரு சொல்வார்: "முறை தப்பி ஒரு சால் எறச்சாலும் ஊருக்கே தெரிஞ்சு போகும் சாமி. கவலைச் சத்தம் அரை மைலுக்குக் கேக்கும்." திருட்டு இல்லாமல் இல்லை. ஆனால் திருட்டுக்குச் சத்தம் இருந்தது; கேட்பதற்குப் பெரியவர்கள் இருந்தார்கள்.

கரண்டு வந்தது

1932ல் பைக்காரா, 1937ல் மேட்டூர் மின்நிலையம். இவற்றின் கம்பிகள் கிராமங்களுக்கு வர வரக் கவலைகள் ஒவ்வொன்றாக நின்றன. 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் தீனி தின்னாத, களைக்காத ஐந்து ஜோடி மாடு. மரவள்ளி, கரும்பு, மஞ்சள் என்று பணப்பயிர் பெருகியது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளும் மோகனூர் சர்க்கரை ஆலையும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் இந்தத் தண்ணீரால்தான். இதை மறந்துவிட்டு மோட்டாரை மட்டும் திட்டுவது நன்றிகெட்ட பேச்சாகும்.

மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1970லும் 1972லும் போராடினார்கள். 1972ல் கோவையை மாட்டுவண்டிகளால் மறித்தார்கள். நம் சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை அது. அதே சமயம், இறைப்புக்கு இருந்த கடைசி எல்லையும் அதோடு போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

1882ம் வருடத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தன் நிலத்துக்கு அடியில், குறிப்பிட்ட தடத்தில் ஓடாத தண்ணீரை நிலத்துக்காரன் எடுத்துக்கொள்ளலாம். அதாவது என் எல்லைக்குள் நின்று நான் எடுத்தால், உங்கள் கிணறு வற்றினாலும் என்னைக் கேட்க முடியாது.

இது இங்கிலாந்திலிருந்து வந்த கொள்கை. அங்கே பிராட்ஃபோர்டு நகரத்துக் குடிநீர் ஊற்றுக்கு மேல்பக்கம் பிக்கிள்ஸ் என்பவருக்கு நிலம் இருந்தது. நகராட்சி தன் நிலத்தை நல்ல விலைக்கு வாங்க வேண்டும் என்பதற்காகவே குழி தோண்டித் தண்ணீரைத் திருப்பப் பார்த்தார் என்பது வழக்கு. 1895ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: செய்தது சட்டப்படி சரி என்றால் கெட்ட எண்ணம் ஒரு பொருட்டல்ல!

தமிழ்நாடு 2003ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013ல் அது திரும்பப் பெறப்பட்டது.

ஒரு பிரெஞ்சுக் கதை

இந்த இடத்தில் ஒரு சினிமாவைச் சொல்லியாக வேண்டும். மார்செல் பாஞோல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கதையை வைத்து 1986ல் குளோத் பெர்ரி எடுத்த 'ழான் த ஃப்ளோரெட்'. தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதி. நம் ராசிபுரம் மாதிரியே காய்ந்த மலையடிவாரம். உகோலன் என்பவனுக்குக் கார்னேஷன் பூ பயிரிட ஆசை. பூவுக்கு நல்ல விலை. ஆனால் தண்ணீர் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. அவனும் அவன் பெரியவரும் சேர்ந்து ரகசியமாக அந்த ஊற்றை சிமெண்டால் அடைத்துவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்துக்கு வாரிசாகப் பட்டணத்திலிருந்து ழான் வருகிறான். முதுகு கூனியவன், படித்தவன், கணக்குப் போட்டு விவசாயம் பார்க்கிறவன். மழை பொய்க்கிறது. தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து ஓய்ந்துபோய்க் கடைசியில் கிணறு வெட்டுகிறான். வெடி வைத்த கல் பட்டுச் சாகிறான்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தோட்டா வைத்துக் கிணறு ஆழப்படுத்தும்போது போன உயிர்கள் நம் பக்கம் கொஞ்சமா?

இரண்டாம் பாகத்தில்தான் விஷயமே வருகிறது. ஊற்று இருந்தது ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ழானின் மகள் ஊருக்கே வரும் தண்ணீரை அடைத்துவிட, ஊர் தவிக்கிறது. முடிவில் அந்தப் பெரியவருக்கு இடி விழுந்த மாதிரி ஒரு செய்தி: தான் கெடுத்த ழான் தன் சொந்த மகன். பங்காளியை அழிப்பதாக எண்ணித் தன் வம்சத்தையே அழித்திருக்கிறார்.

சிமெண்ட் தேவைப்படாத காலம்

அந்தப் படத்தில் பாவம் செய்ய ஒளிந்து போக வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம்கூட இல்லை.

1967ல் வட இந்திய வறட்சியின்போது குடிநீருக்காக யுனிசெஃப் பாறை துளைக்கும் ரிக்குகளை விமானத்தில் கொண்டுவந்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியல் துளையின் அடிக்கே போய்க் கருங்கல்லைப் பொடியாக்கும். குடிநீருக்கு வந்த இந்த நுட்பம் பிற்பாடு விவசாயத்துக்கும் வந்தது. அதில் உலகப் பெயர் வாங்கியது நம் திருச்செங்கோடு. திருச்செங்கோட்டு ரிக் லாரி போகாத மாநிலம் இந்தியாவில் குறைவு, ஆப்பிரிக்காவரை போயிருக்கிறது. நமக்குப் பெருமைதான்.

ஆறரை அங்குலத் துளை, ஆயிரம் அடி ஆழம். நம் தோட்டத்தில் போடுகிற போர், கருங்கல் வெடிப்பு வழியாகப் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரையும் இழுக்கிறது. போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி சரிகிறது. முதலில் காய்வது அறுபது அடி, எண்பது அடிக் கிணறு. அதாவது போர் போட வசதியில்லாதவனின் கிணறு. சைடு போர் இன்னும் வேடிக்கை. கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் நூறடிக்கு மேல் துளைப்பார்கள். மேலே வரப்பைத் தாண்டி ஒரு அடி வைத்தால் அரிவாள் வரும். கீழே வரப்பைத் தாண்டித் துளை போனால் யாருக்குத் தெரியும்?

கிணறு காய்ந்தவன் கடன் வாங்கி இன்னும் ஆழமாகப் போர் போடுகிறான். இவன் போட்டதால் முதல்காரன் மறுபடி போடுகிறான். இருவருமே கெட்டவர்கள் அல்லர். உகோலன் செய்ததை அறிந்து செய்தான். நாம் அறியாமலே செய்கிறோம். கவலைச் சத்தம் அரை மைலுக்குக் கேட்டது. நீர்மூழ்கி மோட்டாரின் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் பல குறுவட்டங்களை அரசுக் கணக்கெடுப்பு 'மிகைநுகர்வு' என்று வகைப்படுத்தியிருக்கிறது. பூமிக்குள் இறங்குவதைவிட எடுப்பது அதிகம் என்பதே இதன் பொருள்.

நாம் செய்யக்கூடியது

மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பாசனத்துக்குப் போர் போடக்கூடாது, அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிர் வைக்கக்கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்தது. ஆண்டுதோறும் மழையைப் பார்த்துத் தண்ணீருக்கு வரவு செலவு போடுகிறார்கள். ஊர்த் தலைவராக இருந்து இதை நடத்திய போபட்ராவ் பவாருக்கு 2020ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் இது புதிய விஷயமே அல்ல. நம் பங்குக் கிணற்று முறையை ஊர் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் பழைய மாணவர்களில் பம்புசெட் தயாரிப்பவர்கள், ரிக் தொழில் செய்பவர்கள், அரசுத் துறைகளில் பணிபுரிபவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் உண்டு. ஒரு சின்ன வேலையிலிருந்து தொடங்கலாம். ஒரு கயிறு, நுனியில் ஒரு கல். மாதம் ஒரு நாள் நம் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, பக்கத்துத் தோட்டத்தாருக்கும் தெரிகிற மாதிரி கிணற்று மேட்டிலேயே எழுதி வைப்போம். அவர்களும் எழுதட்டும். ஒரு வருடம் எழுதினால் எந்தப் போர் எந்தக் கிணற்றைத் தொடுகிறது என்பது இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். தெரிந்தபின் பேச்சு வரும். பேச்சு வந்தால் முறை வரும்.

பத்திரத்தில் கிணற்றுக்குப் பங்கு எழுதி வைத்த நம் முன்னோர் நல்லவர்களாக மட்டும் இருந்து அதை எழுதவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரனின் ஆசையையும் தங்கள் ஆசையையும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும், நண்பர்களே.