சாய்ந்த சில்லும் சாயாத வழக்கறிஞரும்

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியதும் அதன் சுருள்விற்களைக் குட்டையானவையாக மாற்றி, உடற்பகுதியை வீதியோடு ஒட்டினாற்போல் இறக்கிவிடுவது உலகெங்கும் இளைஞர்களிடம் காணப்படும் ஆசை. டொரன்டோவிலும் லண்டனிலும் வளரும் நம்மவர் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். சில மாதங்கள் சென்றதும் டயர்களைக் கழற்றிப் பார்த்தால் வெளிப்புறம் புதிதுபோல் இருக்கும்; உட்புற ஓரம் மட்டும் உள்ளிருக்கும் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கும்.

காரணம் எளிது. தனித்தனியே மேலும் கீழும் அசையும் சில்லுகளைக் கொண்ட வாகனத்தின் உடல் தாழும்போது, பெரும்பாலான அமைப்புகளில் சில்லின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்கிறது. இச்சாய்வை 'கேம்பர்' என்பர். (கவிச்சக்கரவர்த்திக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.) கூடவே இரு சில்லுகளின் நேர்நோக்கும் பிசகி, அவை ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ உருளத் தொடங்குகின்றன. உண்மையில் டயரை விரைவாகத் தின்பது சாய்வைவிட இந்தப் பிசகுதான். வாகனத்தை இறக்கியபின் எலைன்மென்ட் செய்யாமல் ஓட்டுவோர் டயர்க் கடைக்காரரை வாழவைப்பவர்கள்.

ஆயினும் சில்லின் சாய்வு பணத்தோடு மட்டும் நின்றுவிடாத காலமும் ஒன்றிருந்தது. அது ஒரு பெருநிறுவனத்தைத் தலைகுனிய வைத்து, ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய கதை.

1903இல் எட்மண்ட் ரம்ப்ளர் என்ற ஒஸ்திரியப் பொறியியலாளர் 'ஸ்விங் அக்சில்' என்ற அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பின்புற அச்சை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியும் பற்சக்கரப் பெட்டியின் அருகே மட்டும் மடங்குமாறு அமைப்பதே அதன் சாரம். ஒரு பறவை தன் இரு சிறகுகளை அசைப்பதை மனதிற்கொண்டால் போதும். மலிவானது, கரடுமுரடான வீதிக்கு உகந்தது. 1923இல் ஹான்ஸ் லெட்விங்கா டாட்ரா கார்களில் இதனைப் பயன்படுத்தினார்; பின்னர் இலங்கை வீதிகளிலும் உருண்டு திரிந்த வொக்ஸ்வாகன் பீட்டிலுக்கும் இதுவே வாய்த்தது.

இவ்வமைப்பில் சில்லு தன் அரை அச்சுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். ஆகவே அச்சு எந்தப் பக்கம் சரிந்தாலும் சில்லும் சாயும். வேகமாக வளைவொன்றில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லின் மீது வீதி கொடுக்கும் பக்கவிசை, உயரத்தில் உள்ள மடக்குப் புள்ளியை மேல்நோக்கித் தள்ளுகிறது. காரின் பின்புறம் எழும்புகிறது. எழும்பியதும் சில்லின் அடிப்பாகம் காருக்கு அடியில் மடிகிறது. டயர் தன் ஓரத்தில் நிற்கிறது. பிடிப்பு சட்டென்று அற்றுப்போகிறது. அடுத்த கணம் கார் சுழலும், அல்லது புரளும்.

பந்தய வீரர்கள் இதனை நன்கறிந்திருந்தார்கள். காரின் பின்புறத்தை இறக்கி, சில்லுகள் முன்கூட்டியே கால்களை அகட்டி நிற்குமாறு செய்துகொண்டார்கள். அவ்வாறு செய்தால் டயரின் உள்ளோரம் தேயும். ஆனால் சில்லு உள்ளே மடிவது எளிதில் நிகழாது. 1954இல் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் அதன் வேகத்துக்கு இணையாகப் பின்புறத்தின் நம்பகமின்மைக்கும் பேர்பெற்றது. 1957இல் திறந்த மேற்கூரையுடன் வந்த வடிவத்தில் மடக்குப் புள்ளியைத் தாழ்த்தி அக்குறையைப் பெருமளவு போக்கினார்கள். போர்ஷ் நிறுவனமோ தனது 356 வரிசையின் சூப்பர் 90 காரில், சில்லுகள் உள்மடிவதைத் தடுக்கும் குறுக்குவில் ஒன்றைத் தானே பொருத்திக் கொடுத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1959 ஒக்டோபரில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஷெவர்லே கோர்வேயரை 1960ஆம் ஆண்டு மாதிரியாகச் சந்தைக்கு விட்டது. காற்றால் குளிரும் ஆறு உருளை இயந்திரம் பின்னால். ஸ்விங் அக்சிலும் பின்னால். எடையில் பெரும்பங்கும் பின்னால். வாகனம் சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன்புற உறுதிக்கம்பி மட்டும் இல்லை. பதிலாக நிறுவனம் கண்ட பரிகாரம் விசித்திரமானது: முன் டயர்களுக்கு 15 இறாத்தல் அழுத்தம், பின் டயர்களுக்கு 26 இறாத்தல். முன் டயர்களின் பிடிப்பைக் குறைத்து வைத்தால் பின்புறம் முந்திக்கொண்டு வழுக்காது என்பது கணக்கு. பெற்றோல் நிலையத்துப் பையன் நான்கு டயருக்கும் ஒரே அளவில் காற்றடித்து அனுப்புவான் என்பதை அக்கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். மறந்தார்களா, மறந்ததுபோல் இருந்தார்களா என்பதே பின்னர் நீதிமன்றங்களில் எழுந்த கேள்வி.

அந்நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரி ஜோன் டிலோரியனின் கூற்றுகளைக் கொண்டு 1979இல் வெளியான நூலொன்று உள்ளே நடந்ததைச் சொல்கிறது. பொறியியலாளர் சிலர் ஆரம்பத்திலேயே எச்சரித்தனர். 1961இல் ஷெவர்லே பிரிவின் தலைமையை ஏற்ற நட்சன் உறுதிக்கம்பி வேண்டுமென்று கேட்டபோது, காருக்கு 15 டொலர் செலவு என்று மேலிடம் மறுத்தது. பதவி விலகுவேன் என்று அவர் சொன்ன பின்னரே இணங்கியது. எப்படியாயினும் 1964ஆம் ஆண்டு மாதிரியில் உறுதிக்கம்பியும் குறுக்குவில்லும் வந்தன. 1965ஆம் ஆண்டு மாதிரியில் ஸ்விங் அக்சிலே கைவிடப்பட்டது. ஆனால் பழைய கார்கள் இலட்சக்கணக்கில் வீதியில் ஓடிக்கொண்டிருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் குவிந்தன.

1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற முப்பத்தொரு வயது வழக்கறிஞர், வாகனப் பாதுகாப்பின்மை பற்றித் தாம் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தைக் கோர்வேயருக்கு ஒதுக்கினார். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் அவர். நூலுக்குப் பதில் எழுதியிருக்க வேண்டிய நிறுவனம், துப்பறிவாளர்களை அமர்த்தி அவரது அந்தரங்க வாழ்வைத் துருவத் தொடங்கியது. அதிகாரத்தில் இருப்போர் செய்திக்குப் பதில் சொல்லாமல் செய்தி சொன்னவனைத் தேடிப் போகும் வழக்கத்தை, எமது நாட்டில் பத்திரிகைத் தொழில் செய்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அத்துருவல் அம்பலமானது. 1966 மார்ச் 22ஆம் திகதி, செனட்டர் ஏப்ரஹாம் ரிபிகொஃப் தலைமையிலான உபகுழுவின் முன் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். கார்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டாய விதிகளாக வகுக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது அன்றுதான். அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக நேடர் தொடுத்த வழக்கு 1970இல் 425,000 டொலருடன் முடிந்தது. அப்பணத்தை அவர் நுகர்வோர் பணிகளுக்கே செலவிட்டார். கோர்வேயரின் உற்பத்தி அதற்கு முன்னரே, 1969 மே மாதம் நின்றுவிட்டது.

நேடரை வீரராக மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது. அச்சட்டத்தின் வழிவந்த அரச அமைப்பே 1972இல் வெளியிட்ட அறிக்கையில், 1960 முதல் 1963 வரையான கோர்வேயர்கள் அக்காலத்து ஏனைய கார்களை விட அபாயகரமானவை அல்ல என்று முடிவு கூறியது. ஒப்பிடப்பட்டவற்றுள் பீட்டிலும் ரெனோ டொஃபினும் அடங்கும். இரண்டுமே ஸ்விங் அக்சில் கார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அயலவரின் கூரையும் ஒழுகுகிறது என்று காட்டுவதால் நமது கூரை நனையாமல் போவதில்லை என்பதே என் எண்ணம். இருப்பினும் நேடரின் அத்தியாயம் ஒரு காரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என்ற முறைப்பாட்டிலும் நியாயமுண்டு.

தமிழ்நாட்டிலும் இதற்கொரு கிளைக்கதை இருக்கிறது. பிரித்தானிய ட்ரையம்ஃப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஹெரால்ட் காரும் ஸ்விங் அக்சில் கொண்டதே. அதன் அடிப்படையில் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற அழகிய ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதே ஹெரால்டைச் சென்னை வண்டலூரில் இயங்கிய ஸ்டான்டர்ட் மோட்டர் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டான்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் உற்பத்தி செய்தது. குடும்பமே பின்னாசனத்தில் ஏறினால் சில்லுகள் அகன்று நிற்கும், உள்ளோரம் தேயும், இறங்கினால் நிமிரும். எந்த அளவுக்கு எலைன்மென்ட் செய்வதென்று மெக்கானிக்குகள் தலையைச் சொறிந்ததில் வியப்பில்லை. அமெரிக்க அறிக்கை வெளியான அதே 1972இல், ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த 'கேஸல்' காரில் சென்னைப் பொறியியலாளர்கள் ஸ்விங் அக்சிலைக் கழற்றிவிட்டு, லொறிகளில் உள்ளதுபோன்ற ஒரே நீள அச்சைப் பூட்டினார்கள்.