முப்பத்தாறு படங்கள்

1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அமெரிக்காவில் ‘கொடக்’ கமராவை விற்பனைக்கு விட்டார். நூறு படங்களுக்கான பிலிம் சுருள் அதனுள்ளேயே இருந்தது. எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களைக் கழுவி, புதிய சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த ‘பிரவுனி’யின் விலை ஒரு டொலர்தான். படமெடுத்தல் ஸ்டூடியோக்காரர் கையிலிருந்து வீட்டார் கைக்கு வந்தது இவ்வாறே.

கண்டிக்குக் கமரா அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவன் இங்கே ஸ்டூடியோ நடத்தினார். கனத்த பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடு. அவர் எடுத்த நம் நாட்டு மனிதர்களின் படங்களைப் பயணிகள் வாங்கிச் சென்றார்கள். அவற்றில் இனமும் தொழிலும் குறிக்கப்பட்டிருக்கும். பெயர் இருப்பது அரிது.

பிலிமத்தலாவை போன்ற ஊர்களில் பலருக்கு முதற் படம் 1970களில், தேசிய அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டதே. உருவப்படம் ஆகுமா என்று தயங்கிய பெரியவர்களும் அட்டைக்காகவும் ஹஜ் கடவுச்சீட்டுக்காகவும் கமரா முன் அமர்ந்தார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களின் பெட்டிகளில் சிறிய கமராக்கள் ஊர் வந்து சேர்ந்தன.

எங்கள் வாப்பாவும் சவூதியிலிருந்து ஒரு யாஷிகா கொண்டு வந்தார். அவர் திரும்பிப் போனபின் மாமாதான் படமெடுப்பார். ஒரு சுருளில் முப்பத்தாறு. நோன்புப் பெருநாளில் தொடங்கிய சுருள் ஹஜ்ஜுப் பெருநாளில்தான் முடியும். பின்னர் கண்டியில் கழுவி, கடிதத்தோடு வாப்பாவுக்கு அனுப்புவோம். பிள்ளைகள் வளர்ந்ததை அவர் கண்டது அந்தக் கடதாசிகளில்தான்.

அந்த அல்பம் இப்போது என்னிடம் இருக்கிறது. எதிலும் உம்மா முழுதாக இல்லை. ஒரு படத்தில் மட்டும், தங்கையைப் பிடித்திருக்கும் கையும் சேலைத் தலைப்பும் தெரிகின்றன. அது உம்மாவின் கை என்பது எனக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது.

நிறப்படங்களின் சாயம் ஆண்டுதோறும் மங்குகிறது. நெகட்டிவ்களைப் பலர் எறிந்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, பின்புறம் எதுவும் எழுதாமல் விட்டது. ஸ்கோவனின் படங்களில் நம்மவருக்குப் பெயரில்லை என்று குறைப்படுகிறோம். நம் அல்பங்களிலும் நிலைமை அதுவே.

வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே அல்பத்தை விரித்து அவரருகில் அமருங்கள். மென்மையான பென்சிலால் பெயரையும் இடத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். நான் அந்தப் படத்தின் பின்னால் எழுதிவிட்டேன்: ‘உம்மாவின் கை.’