போக்கர் போட்டியின் கடைசி மேஜை: கணக்கும் அதிர்ஷ்டமும்

உலக போக்கர் தொடரின் முதல் சாம்பியன் ஓட்டெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால் நம்புவது கஷ்டம். 1970-ம் ஆண்டு லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தன்னுடைய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதிக்கு அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர்களை வரவழைத்தார். பணம் வைத்து ஆடினார்கள். முடிவில் யார் சிறந்தவர் என்று அவர்களையே கேட்டார்கள். ஜானி மாஸுக்கு ஓட்டு விழுந்தது.

அடுத்த ஆண்டே முறை மாறிவிட்டது. எல்லோரும் ஒரே தொகை கட்டி ஒரே அளவு சில்லுகள் வாங்க வேண்டும். சில்லு தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். கடைசியில் மிஞ்சுபவருக்கு மொத்தப் பணமும். 1972 முதல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர் ஆனது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு (முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று). ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. ரம்மி மாதிரி சீட்டை எடுத்துக் கழிக்கும் வேலை கிடையாது. பந்தயம் கட்டலாம், ஏற்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். அவ்வளவுதான்.

ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற அந்தக் காலத்தின் நாயகன் டாயில் பிரன்சன். 1976-ல் கடைசிக் கையில் அவரிடம் இருந்தது 10-ம் 2-ம். சீட்டாடத் தெரிந்த யாரும் சீந்தாத கை. எதிரே ஜெஸ்ஸி ஆல்டோவிடம் ஏஸும் ஜாக்கியும் இரண்டும் ஜோடி சேர்ந்திருந்தன. கடைசிச் சீட்டு திறக்கும் வரை ஆல்டோதான் முன்னால். கடைசிச் சீட்டு 10. பிரன்சனுக்கு ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்று 10, இரண்டு 2. அடுத்த ஆண்டு, 1977-லும் கடைசிக் கையில் பிரன்சனிடம் அதே 10-2. கடைசியில் விழுந்ததும் அதே 10. இன்றும் போக்கர் உலகில் அந்தக் கைக்கு அவர் பெயர்தான்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படித் துணிந்து ஆடியதில் ஒரு நியாயமும் இருந்தது. இரண்டாம் இடத்துக்கு ஒரு காசும் கிடையாது என்றால், தாக்குப்பிடித்து என்ன பயன்? பத்தாவதாகப் போனாலும் இரண்டாவதாகப் போனாலும் ஒன்றுதான்.

1978-ல் இது மாறியது. அந்த ஆண்டு 42 பேர் ஆடினார்கள். பரிசுப் பணம் முதல் ஐந்து பேருக்குப் பிரிக்கப்பட்டது. சாம்பியன் பாபி பால்ட்வினுக்குக் கிடைத்தது மொத்தத்தில் பாதி, 2,10,000 டாலர். பார்த்தால் சின்ன நிர்வாக மாற்றம். கடைசிக் கட்ட ஆட்டத்தின் சூட்சுமங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறந்தன. அன்று முதல் ஒருவர் எழுந்து போவதற்காக மற்றவர் காத்திருப்பதற்கும் கூலி உண்டு.

எவ்வளவு கூலி? அந்தக் கணக்கு வந்தது குதிரைப் பந்தயத்திலிருந்து. குதிரைகள் முதலில் வரும் வாய்ப்பு தெரிந்தால், இரண்டாவது, மூன்றாவதாக வரும் வாய்ப்பைக் கணக்கிட 1973-ல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு சூத்திரம் கொடுத்தார். 1987-ல் மேசன் மால்முத் அதே வழியைப் போக்கர் சில்லுகளுக்குப் பொருத்தினார்.

ஒரு உதாரணம். மூன்று பேர் மிச்சம். சில்லுகள் 5,000, 3,000, 2,000. பரிசுகள் 50, 30, 20 ரூபாய். பாதிச் சில்லு வைத்திருப்பவருக்கு 50 ரூபாய் மதிப்பு இருக்கும் என்று தோன்றும். சூத்திரப்படி வருவது 38.39 ரூபாய்தான். 3,000 வைத்திருப்பவருக்கு 32.75. வெறும் 2,000 வைத்திருப்பவருக்கு 28.86!

இப்போது 3,000-க்காரரும் 2,000-க்காரரும் எல்லாவற்றையும் போட்டு மோதுகிறார்கள் என்று வையுங்கள். வெற்றி வாய்ப்பு சரிபாதி, பூவா தலையா மாதிரி. சராசரியாகப் பார்த்தால் முதலாமவரின் மதிப்பு 32.33 ஆகவும், இரண்டாமவரின் மதிப்பு 28.22 ஆகவும் குறைந்துவிடுகிறது. இரண்டு பேருக்குமே நஷ்டம். அந்தப் பணம் எங்கே போனது? கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவரிடம். அவர் மதிப்பு 39.44 ஆகிவிட்டது. பெரிய குவியல் வைத்திருப்பவர் கடைசி மேஜையில் மற்றவர்களை மிரட்டிக்கொண்டே இருப்பதற்கும், நல்ல சீட்டு வைத்திருப்பவர்கூட பல்லைக் கடித்துக்கொண்டு விலகுவதற்கும் காரணம் இதுதான்.

அப்படியென்றால் விலகிக்கொண்டே இருக்கலாமே? அதற்கு வழியில்லை. ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அது ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருப்பவரை அதுவே தின்றுவிடும். 1995-ம் ஆண்டு சாம்பியன் டான் ஹாரிங்டன் 2005-ல் வெளிவந்த தன் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில், கையிருப்பை ஒரு சுற்றின் கட்டாயச் செலவால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். விடை 5-க்குக் கீழே போனால் சிவப்பு மண்டலம். அங்கே எல்லாவற்றையும் போடுவது அல்லது விலகுவது, இரண்டுதான் வழி. (எழுதியதை ஆடியும் காட்டியவர் அவர். 2003-ல் 839 பேரில் மூன்றாமிடம், 2004-ல் 2,576 பேரில் நான்காமிடம்.)

அதிர்ஷ்டம் நுழைவதும் இங்கேதான். இரண்டு ஏஸ், இரண்டு ராஜாவை எதிர்த்து நின்றால்கூட ஐந்தில் ஒரு முறை தோற்கும். ஒவ்வொரு முறையும் 80 சதவீத வாய்ப்போடு ஐந்து தடவை எல்லாவற்றையும் பணயம் வைத்தால், ஐந்திலும் பிழைப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். 1982-ல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் போயிற்று என்று எழுந்தபோது காகிதக் கைக்குட்டைக்கு அடியில் ஒரே ஒரு 500 சில்லு கிடந்தது. எல்லாவற்றையும் வைக்கிறேன் என்று அவர் வாயால் சொல்லியிருக்கவில்லை என்பதால் தொடர்ந்து ஆட விட்டார்கள். அந்த ஒற்றைச் சில்லிலிருந்து கிளம்பி 5,20,000 டாலர் ஜெயித்தார்.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் (உண்மையான குடும்பப் பெயரே அதுதான்) 86 டாலர் இணையப் போட்டி வழியாக வந்தவர். டென்னிசி மாநிலத்துக் கணக்காளர். பத்துப் பேர் மிச்சமிருந்தபோது அவரிடம் ஏஸ்-ராணி, ஃபில் ஐவியிடம் இரண்டு 9. முதல் மூன்று சீட்டில் இரண்டு ராணி. நான்காவது 9, ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். மீதி 44 சீட்டில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழே ஏழு. ஏஸ் விழுந்தது. ஐவி வெளியே.

பிறகு சாம் ஃபார்ஹாவும் அவரும் மட்டும் மிஞ்சினார்கள். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாவது 13 லட்சம். பரிசைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று மணிமேக்கர் கேட்டார். ஃபார்ஹா மறுத்தார். இரண்டே பேர் என்றதும் 1978-க்கு முந்தைய கணக்கு திரும்பி வந்துவிடுகிறது. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி, மிச்சமெல்லாம் ஜெயிப்பவருக்கு. வேடிக்கை பார்க்க மூன்றாமவர் இல்லை. இங்கே துணிவுக்கு அபராதம் கிடையாது. மணிமேக்கர் கையில் ஒன்றுமே சேராமல் ராஜாவும் 7-ம் வைத்துக்கொண்டு அத்தனை சில்லையும் நடுவில் தள்ளினார். ஃபார்ஹாவிடம் 9 ஜோடி இருந்தது. வெகுநேரம் யோசித்தார். விலகிவிட்டார். ஐவியை வீழ்த்தியது சீட்டு. ஃபார்ஹாவை வீழ்த்தியது மணிமேக்கர்தான்.

அவரைப் பார்த்துக் கூட்டம் பெருகியது. 2006-ல் 8,773 பேர். மாஸ், பிரன்சன், ஸ்டூ அங்கர், ஜானி சான் போல இந்தப் பட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்றவர் 1997-ல் அங்கர் மூன்றாவது முறை ஜெயித்த பிறகு, 2025 வரை, யாரும் இல்லை. இதை வைத்துத் திறமைக்கு இடமில்லை என்று முடிவு கட்டினால் மார்க் நியூஹவுஸ் குறுக்கே நிற்கிறார். 2013-ல் 6,352 பேரிலும் 2014-ல் 6,683 பேரிலும் தப்பி, இரண்டு ஆண்டும் ஒன்பது பேர் மேஜைக்கு வந்தவர் அவர். இரண்டு ஆண்டும் ஒன்பதாவது இடம். 2014-ல் அவர் உட்காரும்போது சில்லுக் கணக்கில் முதல் மூன்று பேருக்குள் இருந்தார். எட்டாவதாக இருந்த சுவீடன்காரர் மார்ட்டின் ஜேக்கப்சன் ஒரு கோடி டாலரோடு எழுந்தார். நியூஹவுஸ் வெளியேறிய கையில் அவரிடம் இருந்தது இரண்டு 10. ஜேக்கப்சன் பட்டம் வென்ற கையிலும் இரண்டு 10.