"ஸ்டாண்டர்டு" வந்த வரலாறு

மலாயாவிலே படித்த முதியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, தாங்கள் எதுவரை படித்தீர்கள்?" என்று வினவினால், "நாலாம் ஸ்டாண்டர்டு", "ஆறாம் ஸ்டாண்டர்டு" என்று விடை வருவதை நாம் கேட்டிருக்கிறோம். வகுப்பு என்னும் சொல் நம்மிடம் இருக்க, ஸ்டாண்டர்டு என்ற சொல் எங்கிருந்து வந்து நம்மவர் நாவிற் குடியேறிற்று? அதன் பிறப்பை ஆராயப் புகுந்தால், அது ஒரு பணக் கணக்கிலே போய் முடிகிறது. ஏழைப் பிள்ளை ஒன்று ஒரு பத்தி வாசித்தால் பள்ளிக்குச் சர்க்கார் எவ்வளவு கொடுப்பது, வாசிக்கத் தவறினால் எவ்வளவு பிடித்துக்கொள்வது என்று இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட கணக்கே அது. அவ்வரலாறு பிள்ளைகளைப் பெற்ற நம் ஒவ்வொருவருக்கும் படிப்பினை தருவதாகலின், அதனை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

இங்கிலாந்துச் சர்க்கார் ஏழைகளின் கல்விக்கென முதன் முதலிற் பணம் ஒதுக்கியது 1833-ஆம் ஆண்டில். தொகை 20,000 பவுன். அதுவரை அவர்களுக்குப் பள்ளி நடத்தி வந்தவை பெரும்பாலும் மதச் சபைகளும் தரும சங்கங்களுமேயாம். ஆண்டுதோறும் அத்தொகை வளர்ந்து, 1861-ஆம் ஆண்டளவில் எட்டு லட்சம் பவுனுக்கு மேற் சென்றது. இடையிலே கிரிமிய யுத்தம் வந்து கஜானாவைக் காலி செய்திருந்தது. "இவ்வளவு பணம் கொடுக்கிறோமே, இதனால் பிள்ளைகள் என்ன கற்றார்கள்?" என்ற கேள்வி பார்லிமெண்டில் எழுந்தது. 1858-இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் ஏற்பட்டு, 1861-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மேல் வகுப்பிலுள்ள சில பிள்ளைகளிடத்தே உபாத்தியாயர்கள் கருத்தைச் செலுத்தி, கீழ் வகுப்புப் பிள்ளைகளைக் கைவிடுகின்றனர் என்றும், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பரீட்சித்துப் பார்த்தல் வேண்டும் என்றும் அக்கமிஷன் கூறிற்று.

இக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் நால்வரை முன் பெஞ்சியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தி, ஏனையோரைச் சுவருக்கு ஒப்பாக எண்ணும் வழக்கம் எந்நாட்டிற்கும் புதிதன்று. எனவே நோய் இருந்தது என்பதை நாம் ஒப்புகிறோம். அதற்குக் கொடுத்த மருந்து யாது என்பதே கேள்வி.

அப்பொழுது கல்விக் குழுவின் உபதலைவராயிருந்தவர் ராபர்ட் லோ என்பார். செலவு குறைய வேண்டும், இல்லையேல் செலவுக்கேற்ற பலன் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று அவர் பார்லிமெண்டில் உறுதி கூறினார். அவர் கொணர்ந்த விதிகள் பெரும் எதிர்ப்புக்கிடையே திருத்தம் பெற்று, 1862-இல் முடிவான உருவம் அடைந்தன. அவற்றிற்குத் "திருத்திய விதித்தொகுப்பு" என்பது பெயர். மக்களோ அதனைப் "பலனுக்குக் கூலி" என்றே வழங்கினர்.

அதன் ஏற்பாடு இதுதான். சராசரி வருகைக் கணக்கின்படி பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 4 ஷில்லிங் பள்ளிக்குக் கிடைக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்டு, காலையோ மாலையோ 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷில்லிங் உண்டு. ஆனால் இந்த 8 ஷில்லிங்கை இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை செய்த பின்னரே பெற முடியும். வாசிப்பில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. எழுத்தில் தவறினால் அவ்வாறே. கணக்கில் தவறினாலும் அவ்வாறே. மூன்றிலும் தவறிய பிள்ளையால் பள்ளிக்கு 8 ஷில்லிங்கும் நஷ்டம். முன்பு சர்க்கார் நேரே உபாத்தியாயருக்கு அளித்துவந்த சம்பள உதவி நிறுத்தப்பட்டது. ஓய்வுச் சம்பள நம்பிக்கையும் பறிபோயிற்று. இனி அவர் கூலி நிருவாகிகளின் பேரத்திலும், நிருவாகிகளின் வருவாய் பிள்ளைகளின் நாவிலும் கைவிரலிலும் தங்கி நின்றன.

பரீட்சைக்காகப் பிள்ளைகளை ஆறு படிகளாகப் பிரித்தனர். அப்படிகளே ஸ்டாண்டர்டுகள். முதற் படியில் ஓரசைச் சொற்களாலான கதையை வாசித்தலும், சொல்லக் கேட்டு எழுத்துக்களைச் சிலேட்டிலோ கரும்பலகையிலோ எழுதுதலும் வேண்டும். இரண்டாம் படியில் அச்சிலுள்ள ஒரு வரியைப் பார்த்து எழுத வேண்டும். மூன்றாம் படியில் பள்ளிப் புத்தகத்திலிருந்து ஒரு சிறு பத்தியை வாசித்து, அதே பத்தியிலுள்ள ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். நான்காம் படியிலும் ஐந்தாம் படியிலும் புத்தகம் கடினமாகும். ஐந்தில் செய்யுள் வரிகளும் வாசிக்க வேண்டும். ஆறாம் படியில்தான் செய்தித்தாளிலுள்ள ஒரு சாதாரணப் பத்தியை வாசித்து, அத்தகைய வேறொரு பத்தியைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஐந்தாம் படி முடிய, பரீட்சைக்கு வரும் பத்தி யாவும் அப்பள்ளியிலேயே ஆண்டு முழுதும் வழங்கிய புத்தகத்தில் உள்ளது. பிள்ளை அறியாத பக்கம் ஒன்றேனும் அதில் இல்லை. அப்புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் வாசிப்பும் தீர்ந்தது, எழுத்தும் தீர்ந்தது. 2 ஷில்லிங் 8 பென்ஸ் தொங்கிக்கொண்டிருக்க, உபாத்தியாயர் வேறென்ன செய்வார்? அவர் வயிறு அவரைச் செய்வித்ததையே அவர் செய்தார். ஒரே புத்தகத்தை ஆண்டு முழுதும் பாராயணம் செய்வித்தார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தட்டின்றி "வாசித்த" பிள்ளைகளின் கதைகள் அக்காலத்தைப் பற்றி வழங்குகின்றன. பூகோளம், சரித்திரம், இலக்கணம் ஆகியவற்றுக்குப் பணம் இல்லை. ஆதலின் அவற்றிற்கு நேரமும் இல்லையாயிற்று.

இதனை நேரிற் கண்டு எழுதியவருள் தலையாயவர் மாத்யூ ஆர்னால்டு. இங்கிலாந்தின் பெருங்கவிஞருள் ஒருவராகிய அவர், 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி இன்ஸ்பெக்டராக ஊர் ஊராய் அலைந்து உழைத்தவர். 1862-இலேயே இவ்விதிகளைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார்; தம் மேலதிகாரியின் திட்டத்தைத் தாமே எதிர்க்க அஞ்சினாரில்லை. 1867-ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையில், சாமர்த்தியமாகப் பழக்கினால் வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் உண்மையில் அறியாத பிள்ளைகளையே அம்மூன்று பரீட்சைகளிலும் தேறச் செய்துவிடலாம் என்பது கண்கூடாயிற்று என்று அவர் தெரிவித்தார். தன் புத்தகத்தில் சரளமாக ஓதும் பிள்ளை, வேறொரு புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் தடுமாறி நிற்கிறது என்பதே அவர் கண்ட காட்சி. 1861-இல் 36 பிள்ளைகளுக்கு ஒருவராக இருந்த பயிற்சி மாணவ உபாத்தியாயர் தொகை, 1866-இல் 54 பிள்ளைகளுக்கு ஒருவராகக் குறைந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். கற்பிக்கும் கைகள் குறைந்தன. தேர்ச்சிக் கணக்கு மட்டும் நிறைந்தது!

லோ விரும்பிய ஒன்று நிறைவேறியது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மானியம் 1865-இல் ஆறரை லட்சம் பவுனுக்கும் கீழே இறங்கிற்று. கல்வி மலிவாயிற்று, ஆயின் அது கல்வியாக இருந்ததா?

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. இப்பிள்ளைகளைத் தங்கள் நிலைக்கும் தொழிலுக்கும் மேலே உயர்த்துவது எம் நோக்கமன்று; அத்தொழிலுக்குத் தகுதியாக்குவதே நோக்கம் என்று லோ வெளிப்படையாகவே கூறினார். இவ்வாசகத்தைப் படிக்கும் தமிழருக்கு இது புதிய குரலாகத் தோன்றுமா? இன்ன குலத்திற் பிறந்தவனுக்கு இவ்வளவே எழுத்து என்று நம் நாட்டில் வரம்பு கட்டியவர்களும், கூலியின் மகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தாற் போதாதா என்று கேட்டவர்களும் பேசிய பேச்சன்றோ இது! அளவு குறித்துக் கொடுக்கப்படும் கல்வி, அளக்கும் கோலோடு நின்று விடுகிறது. இதே லோ தொழிலாளருக்கு வாக்குரிமை அளிப்பதையும் எதிர்த்தவர். 1867-இல் அவ்வுரிமை விரிவடைந்தபின், இனி நமக்கு எஜமானராகப் போகிறவர்களை எழுத்தறியச் செய்வது அவசியம் என்று அவரே சொல்ல நேர்ந்தது. உரிமை வந்த பிறகே கல்வியின் அவசியம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது போலும்!

இம்முறை உடனே ஒழிந்து விடவில்லை. 1870-இல் தோன்றிய ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கம் இதனை எதிர்த்துப் பல்லாண்டு கிளர்ச்சி செய்தது. 1886-இல் அமைந்த கிராஸ் கமிஷன் 1888-இல் அறிக்கை தந்தது. 1890-இல் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தலைக்கு இவ்வளவு என்று கூலி அளக்கும் வழக்கம் நீங்கிற்று. எஞ்சியவையும் அந்நூற்றாண்டு முடியுமுன் மறைந்தன. ஆயினும் பழக்கம் விதியைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையது. இன்ஸ்பெக்டராயிருந்து தாமே இம்முறையை நடத்திய எட்மண்ட் ஹோம்ஸ் என்பார், ஓய்வு பெற்றபின் 1911-இல் வெளியிட்ட நூலில், சொன்னதைச் செய்யும் யந்திரமாகப் பிள்ளையை ஆக்கும் போக்கு அப்பொழுதும் பள்ளிகளை விட்டு நீங்கவில்லை என்று வருந்தினார்.

இங்கிலாந்தில் விதைத்தது கடல் கடந்தும் முளைத்தது. சென்னை மாகாணத்திலும் பரீட்சைப் பலனுக்கேற்ற மானியம் வழங்கப்பட்டது. 1882-இல் அமைந்த ஹண்டர் கமிஷன் இந்தியாவின் ஆரம்பப் பள்ளிகளுக்கு இம்முறையே தக்கதென்றது. கர்சன் பிரபுவின் காலத்தில், 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானமே இதற்கு விடை கொடுத்தது. மலாயாவில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் பள்ளிகளில் நிலைத்தது. கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட முதலாளி பள்ளி வைத்தல் வேண்டும் என்று விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது. படிப்பைத் தந்ததா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது.

பின்னர் வந்த பரீட்சைகள் கூலிக் கணக்கோடு பிணைக்கப்பட்டவை அல்ல. மலேசியாவில் 1988 முதல் நடந்த யு.பி.எஸ்.ஆர். பரீட்சையில் தமிழுக்கே கருத்துணர்தல் ஒன்று, எழுத்து ஒன்று என்று தனித்தனித் தாள்கள் இருந்தன. அது 2021-இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய பி.எஸ்.எல்.இ. இன்றும் நடைபெறுகிறது. பரீட்சையே கூடாதென்று நாம் கூற வரவில்லை. யாரும் பரீட்சியாத காலத்தில் கைவிடப்பட்டவர்கள் ஏழைப் பிள்ளைகளே என்பதை மேலே கண்டோம். பட்டணத்துப் பணக்காரனுக்கு வீட்டில் புத்தக அலமாரி உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு புகல் இல்லை. ஆகவே அப்பிள்ளை உண்மையாகவே படிக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும்தான்.

பார்க்கும் முறையிலே கவனம் வேண்டும். மாதிரிக் கட்டுரை பத்தை நெட்டுருச் செய்வித்து, அவற்றுள் ஒன்று வரும் என்று காத்திருப்பது, ஒரே புத்தகத்தை ஆண்டு முழுதும் ஓதுவித்த அந்த இங்கிலாந்து உபாத்தியாயரின் வேலையே அன்றி வேறல்ல. பழைய வினாத்தாளைக் காட்டிப் பழக்குதல் தவறன்று. அதுவே படிப்பாகி விடுவதுதான் தவறு. "என் மகன் தேறிவிட்டான்" என்று மகிழும் பெற்றோர், "அவன் படிக்கக் கற்றானா?" என்றும் கேட்டல் வேண்டும். முதற் கேள்விக்குச் சான்றிதழ் விடை சொல்லும். இரண்டாவதற்குப் பிள்ளைதான் விடை சொல்ல வேண்டும்.

அவ்விடையை அறிய இன்ஸ்பெக்டர் வரவேண்டுவதில்லை. இங்கிலாந்தார் வகுத்த ஆறு படிகளுள் உண்மையாக வாசிப்பைச் சோதித்தது கடைசிப் படி ஒன்றே. முன் கண்டறியாத செய்தித்தாளின் ஒரு பத்தி! ஏழைப் பிள்ளைகளுள் மிகச் சிலரே அப்படி வரை ஏறினர். ஆனால் அதே சோதனையை நம் பெரியோர் பெயரிடாமலே நடத்தினார்கள். தோட்டத்து லயத்திலே மாலையில் ஒரு பத்திரிகை வந்தால், எழுத்தறிந்த பையன் ஒருவனை நடுவே அமர்த்தி, "வாசி தம்பி, கேட்போம்" என்று சுற்றி இருந்து கேட்டனர். அவன் வாசித்தது முன்பின் அறியாத செய்தி. பொருள் விளங்காவிடில் கேட்டவர்கள் விடமாட்டார்கள். "மறுபடியும் சொல்" என்பார்கள். அதைவிடச் சிறந்த பரீட்சையை எந்தக் கமிஷனும் ஏற்படுத்தியதில்லை.

ஆகவே தமிழ்ப் பெற்றோர்களே, இன்றிரவே இத்தாளை உங்கள் பிள்ளையின் கையிற் கொடுங்கள். அதற்குத் தெரியாத ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைத் தன் சொல்லில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். தடுமாறினால் வைய வேண்டாம்; நாளை வேறொரு பத்தி கொடுங்கள். தெரியாததை வாசித்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு எந்தப் பரீட்சை வந்தாலும் பயமில்லை. எந்தப் பரீட்சை போனாலும் நஷ்டமுமில்லை.