மாடுகளில் உண்ணிவழி இரத்த ஒட்டுண்ணிகள்

மாடுகளில் உண்ணிவழி இரத்த ஒட்டுண்ணிகள் என்பவை உண்ணி கடிப்பதனால் மாட்டின் உடலுட் புகுந்து இரத்த அணுக்களில் பெருகும் ஓரணு உயிரிகளாகும். தைலேரியா அனுலேட்டா, பபேசியா பைஜெமினா ஆகிய இரண்டும் தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்கவை. தாம்பரம், முடிச்சூர், மாடம்பாக்கம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் பாலுக்காக வளர்க்கப்படும் ஜெர்சி, ஹால்ஸ்டீன் கலப்பினப் பசுக்களை இவை நாட்டு மாடுகளைவிடக் கடுமையாகத் தாக்குகின்றன.

வரலாறு

பபேசியாவை 1888-இல் ருமேனியாவின் விக்டர் பாபெஸ் கண்டறிந்தார். அதை உண்ணியே பரப்புகிறது என்பதை 1893-இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் மெய்ப்பித்தனர். செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவினுள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது இதற்கு நான்கு ஆண்டுகள் பின்னரே.

வாழ்க்கை வட்டம்

தைலேரியாவை ஹயலோமா உண்ணிகள் பரப்புகின்றன. உண்ணியின் உமிழ்நீருடன் புகும் ஒட்டுண்ணி முதலில் வெள்ளையணுக்களுள் நுழைந்து, அவற்றைத் தன்னுடன் சேர்ந்து பிரியத் தூண்டுகிறது. நிணநீர்க்கணுக்கள் வீங்குவது இதனாலேயே. பின்னரே சிவப்பணுக்களை அடைகிறது. அவ்விரத்தத்தை உறிஞ்சும் இளம் உண்ணியின் குடலில் பாலினப் பெருக்கம் நிகழ்ந்து, ஒட்டுண்ணி உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர்கிறது. தோலுரித்து அடுத்த பருவம் எய்திய உண்ணி வேறொரு மாட்டைக் கடிக்கும்போது தொற்று தொடர்கிறது. உண்ணியின் முட்டைக்கு இது செல்வதில்லை.

பபேசியா நேராகச் சிவப்பணுக்களையே தாக்குகிறது. இதைப் பரப்பும் ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் உண்ணி, ஏறத்தாழ மூன்று வாரம் ஒரே மாட்டின் மீது வளர்ந்து, பின் கீழே விழுந்து முட்டையிடுகிறது. ஒட்டுண்ணி முட்டைவழிக் குஞ்சுகளையும் அடைவதால், மாட்டையே கண்டிராத உண்ணிக்குஞ்சு புல்நுனியில் தொற்றுடன் காத்திருக்கும். ஆயினும் அது மாட்டில் ஏறி ஏறத்தாழ 9 நாட்கள் கழிந்து, அடுத்த பருவத்தை அடைந்த பின்பே நோயைப் பரப்புகிறது.

அறிகுறிகளும் மருத்துவமும்

இரண்டிலும் கடுங்காய்ச்சலும் இரத்தசோகையும் உண்டு. தோள்முன் நிணநீர்க்கணு வீக்கம் தைலேரியாவையும், காப்பி நிறச் சிறுநீர் பபேசியாவையும் சுட்டும். முன்னதற்குப் புபார்வாகுவோன், பின்னதற்கு டைமினசின் தரப்படுகின்றன. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது என்பதால், ஊசி போடுமுன் காதுமடல் இரத்தப்பூச்சைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது இன்றியமையாதது.

தடுப்பு

ரிப்பிசெபாலஸ் உண்ணியை மாட்டின் மீதே ஒழிக்கலாம். இருவார இடைவெளியில் மருந்து தெளித்தால் பெரும்பாலானவை முட்டையிடுமுன் மடியும். ஹயலோமாவுக்கு இது போதாது. அது பருவந்தோறும் மாட்டை விட்டிறங்கித் தொழுவச் சுவரின் வெடிப்புகளில் ஒளிகிறது. ஆகவே வெடிப்புகளைப் பூசியடைத்துச் சுவருக்கும் மருந்தடிக்க வேண்டும். தைலேரியாவுக்கு வலுக்குறைத்த தடுப்பூசி இந்தியாவில் தயாரிக்கப்பட்டுள்ளது. அதை நீர்ம நைட்ரஜனில் காக்க வேண்டியிருப்பதால், இரண்டொரு பசு வைத்திருப்போருக்கு அது எளிதில் எட்டக்கூடியதன்று.