காற்றை இறக்கத் தெரிந்தவர்கள்

மணலில் வண்டியை இறக்கும் முன் முதல் வேலை, டயரில் காற்றைக் குறைப்பது. தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ இருந்தால் மணலுக்கு ஏறக்குறைய 15 வரை இறக்குவார்கள். டயர் தொய்ந்து நீளமாகப் படியும், பாரம் பரவும், சக்கரம் புதையாது. இது தெரியாதவர் எவ்வளவு விலை கொடுத்து வண்டி வாங்கினாலும் முதல் மணல்மேட்டிலேயே அச்சு வரை புதைந்து நிற்பார். நான்கு சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும், மெல்ல இழுக்கும் தாழ்ந்த கியர் வேண்டும், நடுவழியில் தானே பிரித்துப் பார்க்கும்படி எஞ்சின் எளிமையாக இருக்க வேண்டும். மண்வெட்டி, காற்றடிக்கும் பம்பு, சக்கரத்தின் அடியில் செருகப் பலகை, கணக்குக்கு மேல் தண்ணீர். தேவையில்லாததை ஏற்றாமல் விடுவதும் தயாரிப்புதான்.

இதில் எந்த வேலைக்கு ஆணுடம்பு வேண்டும்? நான் கார் ஓட்டிப் பல வருடம் கழித்து, நாற்பதைத் தாண்டித்தான் ஸ்டெப்னி மாற்றக் கற்றேன். அதுவரை யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பில் மட்டும் பொருள்வயின் பிரிந்து பாலை கடக்கும் தலைவனையும் வீட்டில் காத்திருக்கும் தலைவியையும் நடத்திக்கொண்டிருந்தேன்.

சவூதி அரேபியாவின் பாலையில் கதை வேறு. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பெடூயின் குடும்பங்களில் ஒட்டகத்தின் இடத்தைப் பிக்கப் வண்டி பிடித்தது. மந்தைக்குத் தண்ணீரும் தீவனமும் கொண்டுபோகும் வேலை வண்டிக்கு மாறியபோது, அந்த வேலையில் பங்கிருந்த பெண்களும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். உரிமம் கிடையாது, கேட்பாரும் இல்லை. நகரத்துப் பெண்ணுக்கு ஒழுக்கக்கேடு என்று சொல்லப்பட்டது, மணலில் அன்றாடப் பாடாக இருந்தது.

1990 நவம்பர் 6. குவைத்தை ஈராக் பிடித்திருந்த நேரம். சவூதிக்கு வந்திறங்கிய அமெரிக்கப் படையின் பெண்கள் ராணுவ வண்டிகளை ஓட்டுவதை ஊரே பார்த்தது. அன்று ரியாத்தில் 47 பெண்கள் 14 கார்களில் கிளம்பினார்கள். ஓட்டியவர்கள் வெளிநாட்டில் உரிமம் பெற்றவர்கள். ஆண் காப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகே காவலிலிருந்து வெளியே வந்தார்கள். கடவுச்சீட்டு பறிபோனது, அரசு வேலையில் இருந்தவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் கல்லூரி ஆசிரியைகளும் இருந்தார்கள். இந்த வரியை என்னால் சும்மா தாண்டிப்போக முடியவில்லை. அதுவரை வழக்கமாக இருந்தது, அதன்பின் அதிகாரபூர்வத் தடையானது.

2001இல் இயற்பியல் படித்த ஜெர்மானியப் பெண் யூட்டா க்ளைன்ஷ்மிட் மிட்சுபிஷி பஜேரோவில் பாரிஸ்-டக்கார் ரேலியை வென்றார். அதற்கு முன் 1997இல், பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் இலகுவான பக்கி வண்டியிலும் அதே ரேலியில் ஒரு கட்டத்தை வென்றிருக்கிறார். நான்கு சக்கர விசை இருந்தால்தான் மணல் வழிவிடும் என்று அடித்துச் சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

2014இன் இறுதியில் லுஜைன் அல்-ஹத்லூல், ஐக்கிய அமீரகத்தில் வாங்கிய உரிமத்துடன் சவூதி எல்லைக்குக் காரை ஓட்டிவந்தார். 73 நாள் சிறை. 2018 ஜூன் 24 அன்று தடை நீங்கியது. அதற்குச் சில வாரம் முன்பு, மே மாதமே, அவரையும் தடையை எதிர்த்த வேறு பெண்களையும் அரசு பிடித்து அடைத்துவிட்டது. உரிமை எங்கள் கொடை, உங்கள் வெற்றி அல்ல என்று சொல்ல இதைவிடத் தெளிவான வழி இருக்கிறதா?

2020 ஜனவரியில் டக்கார் ரேலி சவூதிக்கு வந்தது, ஜித்தாவில் கொடியசைத்தார்கள். பெண் போட்டியாளர்களும் மணலில் பாய்ந்தார்கள். லுஜைன் அப்போதும் சிறையில். 2021 பிப்ரவரியில் விடுவித்தார்கள். நாட்டை விட்டு வெளியே போக மட்டும் தடை. 2022இல் டானியா அகீல், மஷாஎல் அல்-உபைதான் என்ற இரு சவூதிப் பெண்கள் அதே ரேலியில் ஓட்டினார்கள். சவூதியிலிருந்து முதல் பெண்கள் என்று செய்திகள் எழுதின. ரேலியைப் பொறுத்தவரை அது சரிதான். அந்த மணலில் பிக்கப் ஓட்டி ஆட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்களை எந்தப் பட்டியலும் எண்ணவில்லை.