டிவியில் படம் பார்க்கும்போது மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை வருவது ஏன்? ‘ஜூம்’ செய்தால் என்ன ஆகும்?

‘இவ்வளவு பெரிய டிவி வாங்கியும் படம் முழுசா தெரியலையே, டிவியில் ஏதாவது கோளாறா?’ புதிய டிவியில் முதல் படத்தைப் போட்டதும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. கோளாறு எதுவும் இல்லை. படத்தின் வடிவம் வேறு, டிவியின் வடிவம் வேறு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கருப்புப் பட்டையை மறைக்க ரிமோட்டில் ‘ஜூம்’ அழுத்தினால், படத்தில் கால் பங்கு காணாமல் போய்விடும்.

ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றால் என்ன?

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. பழைய டப்பா டிவியின் விகிதம் 4:3. இன்றைய டிவியின் விகிதம் 16:9. அதாவது, உயரத்தைப் போல சுமார் 1.78 மடங்கு அகலம். 32 இன்ச்சோ 75 இன்ச்சோ, ஃபுல் எச்டியோ 4கேவோ, இந்த வடிவம் மாறாது.

சினிமாவில் ஒரே அளவு கிடையாது. 1950களுக்கு முன் வந்த படங்கள் பெரும்பாலும் 1.37:1 என்ற விகிதத்தில், கிட்டத்தட்ட பழைய டிவி வடிவத்திலேயே இருந்தன. டிவி வீட்டுக்குள் வந்து தியேட்டர் கூட்டம் குறைந்ததும், ஹாலிவுட் திரையை அகலமாக்கியது. 1953ல் ‘தி ரோப்’ சினிமாஸ்கோப்பில் வந்தது. இந்தியாவில் 1959ல் ‘காகஸ் கே ஃபூல்’, தமிழில் 1973ல் ‘ராஜ ராஜ சோழன்’ சினிமாஸ்கோப்பில் வெளியாயின. இன்று ‘ஸ்கோப்’ என்றால் 2.39:1. இதைவிட அகலம் குறைந்த 1.85:1 விகிதமும் ஹாலிவுட்டில் சகஜம்.

டிவிக்கு ஏன் 16:9?

1980களில் எச்டி டிவியின் வடிவம் குறித்துப் பேச்சு நடந்தபோது, அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் ஒரு எளிய சோதனை செய்தார். அப்போது புழக்கத்தில் இருந்த விகிதங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகம், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகம் இரண்டுமே சுமார் 1.78 விகிதத்தில் இருந்தன. 16:9 என்பது இப்படி வந்த ஒரு சமரசம்தான். ஸ்கோப் படத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தாது, பழைய 4:3 படத்துக்கும் பொருந்தாது.

எவ்வளவு இடம் காலியாகும்?

ஃபுல் எச்டி டிவியில் 1920 x 1080 பிக்சல்கள். அதில்,

• 1.85:1 படம்: மேலேயும் கீழேயும் தலா 21 பிக்சல்தான் காலி. பலர் கவனிக்கவே மாட்டார்கள்.
• 2.39:1 ஸ்கோப் படம்: மேலேயும் கீழேயும் தலா 138 பிக்சல் காலி. 43 இன்ச் டிவியில் ஒவ்வொரு பட்டையும் சுமார் 2.7 இன்ச் உயரம் இருக்கும்.
• 4:3 படம்: இடதும் வலதும் தலா 240 பிக்சல் காலி. 43 இன்ச் டிவியில் 35 இன்ச் படம்தான் கிடைக்கும்.

ஜூம் செய்தால் என்ன இழப்பு?

ஸ்கோப் படத்தை ஜூம் செய்து உயரத்தை நிரப்பினால், இரண்டு பக்கமும் தலா 13 சதவீதம் வெட்டுப்படும். ஒருவர் இடது ஓரத்திலும் இன்னொருவர் வலது ஓரத்திலும் நின்று பேசும் காட்சியில், யார் பேசுகிறார் என்றே தெரியாமல் போகலாம். கீழ்ப் பட்டையில் வரும் சப்டைட்டிலும் மறையலாம்.

‘ஸ்ட்ரெட்ச்’ இன்னும் மோசம். அதில் எதுவும் வெட்டுப்படாது, ஆனால் உருவம் மாறிவிடும். 4:3 படத்தை இழுத்து நிரப்பினால், எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகும். பழைய கருப்பு வெள்ளைப் படத்தில் ஹீரோ திடீரென்று குண்டாகத் தெரிந்தால் காரணம் இதுதான். நிலா, சக்கரம், பந்து ஆகியவை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் செட்டிங் தப்பு.

நாலு பக்கமும் கருப்பா இருந்தா?

இது மட்டும் சரிசெய்ய வேண்டிய விஷயம். ஸ்கோப் படம் 4:3 சட்டத்துக்குள் சுருங்கி, அந்தச் சட்டம் மறுபடியும் 16:9 திரைக்குள் வரும்போது நான்கு பக்கமும் பட்டை விழும்.

1. செட்டாப் பாக்ஸ் செட்டிங்கில் விகிதம் 4:3 என்று இருந்தால் 16:9 ஆக மாற்றவும்.
2. டிவியில் ‘பிக்சர் சைஸ்’ பகுதியில் 16:9 அல்லது ‘ஒரிஜினல்’ தேர்வு செய்யவும்.
3. ஓரங்கள் லேசாக வெட்டுப்பட்டால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ போன்ற வசதியை ஆன் செய்யவும்.

இதற்குப் பிறகும் நான்கு பக்கமும் பட்டை இருந்தால், சேனலே அப்படி ஒளிபரப்புகிறது என்று அர்த்தம். அப்போது பக்கவாட்டுப் பட்டைகள் மறையும் அளவுக்கு ஜூம் செய்யலாம். வெட்டுப்படுவது கருப்புப் பகுதி மட்டுமே.

ஒரே படத்தில் பட்டை வந்து வந்து போவதும் உண்டு. ‘தி டார்க் நைட்’ படத்தின் ப்ளூ-ரேயில், ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் மட்டும் திரை நிறைய வரும். அதுவும் கோளாறு அல்ல, ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை.